அடி எடுத்துக் கொடுத்தவள்

என் வாழ்நாளில் நான் ஒரு பாட்டையும் ஆரம்பித்ததில்லை. எழுதியிருக்கிறேன், மெட்டுப் போட்டிருக்கிறேன், இருபது வருடம் மேடை மேடையாக நின்று பாடியிருக்கிறேன். ஆனால் முதல் சொல் என் வாயிலிருந்து வருவதற்கு அக்கா வேண்டியிருந்தது. தனியாக ஒரு ஆல்பம் போட்டவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் தன்னடக்கத்துக்கும் வெகு தூரம். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் அம்மா ஒரு லாண்டிரியில் வேலை பார்த்தாள். வீட்டுத் துணி வெளுக்கும் சின்னக் கடை இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அனுப்பும் இடம். ஒரு பழைய கட்டிடத்தின் அடித்தளம் முழுக்க இயந்திரங்கள். அப்பா எங்களுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் நேராக அங்கேதான் போவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அம்மாவுக்குக் கை அரிக்கும். மடிக்கிற வேலையை எங்கள் தலையில் கட்டினாள்.

பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. மடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஓரத்தைத் தாடையில் கவ்விக்கொண்டு, கைகளை அகட்டி, எப்படியோ ஒப்பேற்றுவார்கள். அந்த மடிப்பைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், எங்கேயாவது கோணிக்கொண்டு நிற்கும். ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு அக்கா, இந்தப் பக்கம் இரண்டு மூலையோடு நான். அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது.

இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் துணிதான் எங்களுக்குப் பேச்சு. அக்கா ஒரு தடவை வெடுக்கென்று இழுப்பாள். விரிப்பு 'பட்' என்று விறைக்கும். 'தயாரா?' என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது 'பட்' வந்ததும் இருவரும் நடுவே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். ஒருத்தி முந்தினாலோ பிந்தினாலோ துணி தரையில் விழும், துவைத்தது வீணாகும், அம்மாவின் குட்டு தலையில் விழும்.

பாட்டு அங்கேதான் தொடங்கியது. என்ன பாடினாலும் யாருக்கும் கேட்காது என்பதைவிடப் பெரிய சுதந்திரம் பிள்ளைகளுக்கு உண்டா? எத்தனை துவைத்தாலும் போகாத கறையோடு ஒரு விரிப்பு வாராவாரம் எங்களிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் இரண்டு வரி கட்டினேன்.

*கறையே கறையே, எப்பப் போவே?*
*துவைக்கிற கை ஓஞ்சா நானும் போவேன்.*

ஒன்பது வயதில் வேடிக்கைக்காகக் கட்டிய வரி. அக்கா அதை வாங்கி, என் காதோரம் குனிந்து தன் குரலில் பாடியபோது வேடிக்கை எங்கேயோ ஓடிப்போய்விட்டது. பக்கத்து மேசையில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். உதடு அசைவதை வைத்துத்தான் அவள் கேட்டிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மசமசன்னு நிக்காம மடிங்கடி" என்றாள்.

அக்காவின் குரலைப் பற்றி எழுத எனக்கு வராது. கீழே இருக்கும்போது கனமாக, மேலே போகும்போதும் அதே கனத்தோடு போகும். என் குரல் அவளுக்கு இரண்டு படி கீழே, அணைவாக நிற்கும். எழுதுவது நான், முன்னால் நிற்பது அவள். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த வேலை இல்லை. துணியில் எந்தப் பக்கம் யார் என்பதுபோல அதுவும் தானாக அமைந்தது.

முதல் மேடை ஒரு தொழிலாளர் சங்கக் கூட்டத்தில். நூறு நாற்காலி, ஒரே ஒரு மைக். பாட்டை எழுதியவளே நான்தான், இருந்தும் வாய் திறக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். மேடை மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியைத் தலைவருக்கு முன்னாலேயே உருவினாள். ஒரு முனையை என் கையில் திணித்து, மறுமுனையைத் தான் பிடித்து, இரண்டு முறை இழுத்தாள். பட், பட். நான் பாடினேன்.

அதற்குப் பிறகு எந்த மேடையிலும் எங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி இருந்தது. பார்த்தவர்களுக்கு அது ஒரு புதுமை. ஒரு பத்திரிகையில், 'சகோதர பந்தத்தின் வெண்மையான குறியீடு' என்று எழுதினார்கள். அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பந்தமாம், குறியீடாம். இந்தக் கழுதைக்கு ஆரம்பிக்கத் தெரியாதுன்னு போட்டிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்கும்" என்றாள்.

நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. இரண்டு ஆல்பம் வந்தது, வானொலியில் அவ்வப்போது போடுவார்கள். அட்டையில் 'பாடல்கள்: சகோதரிகள்' என்று இருக்கும். எழுதியது நான் மட்டும்தான் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்ததை ஒரு தடவையும் சொன்னதில்லை என்பது உண்மை.

பிறகு அக்காவின் குரல் கம்மியது. சளி என்றோம், தூசி என்றோம். மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். "எந்த மெஷின்லயும் புதுசா ஒரு சத்தம் வந்தா உடனே பார்க்கணும்" என்று அவர்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். சங்கீதத்துக்கும் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் எங்கள் இருவருக்கும் கேட்காத கரகரப்பு அவருக்குத்தான் முதலில் கேட்டது. அதற்குள்ளேயே தாமதமாகிவிட்டிருந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள், மூச்சு அது வழியாகத்தான். பேச்சு இனி இல்லை என்றார்கள்.

பிள்ளைகள் கிறுக்குகிற, எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினால் அழிந்துபோகிற ஸ்லேட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதில் அக்கா முதன்முதலாக எழுதியது, 'இனிமே சுருதி பிசகாது'. மாமா அதைப் படித்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அவள் கோபித்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று கூடி வரவில்லை, அதை நான் தேடிப் போகவும் இல்லை. பகலில் ஒரு ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கில் வேலை. அக்காவின் கழுத்துத் துளையை மறைக்கச் சின்னச் சின்னத் துணிகளைத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் வீட்டில் யாரும் பாடவில்லை. வெள்ளைத் துணி அலமாரியில் இருந்தது. ஒரே ஒரு புதுப் பாட்டு மட்டும் எழுதினேன், நோட்டில், யாருக்கும் காட்டாமல்.

அந்த நேரத்தில்தான் 'இன்னொருவாட்டி' என்னைத் தேடி வந்தார். ஒலிப்பதிவு செய்பவர். ஐம்பது வயது, வழுக்கை, காதில் எப்போதும் ஹெட்போன். எதைப் பாடினாலும் "நல்லாருக்கு, இன்னொருவாட்டி" என்று சொல்வதால் பாடகர்கள் வைத்த பெயர். எங்கள் பழைய ஆல்பங்களைக் கேட்டிருந்தார். "ரெண்டாவது குரல் யாருதுன்னு தேடிட்டே இருந்தேன் மேடம். தனியா ஒண்ணு பண்ணலாமா?" என்றார். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒருவர் என் குரலைத் தேடி வந்திருந்தார். சரி என்று சொன்ன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியங்களில் ஓவர்டைம் என்றேன். சாப்பிட முடியாதவளின் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கும், அதனால் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் பயம். அவள் வேண்டாம் என்றால் மீறுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. சனிக்கிழமை மதியம் கடை மூடிய பிறகுதான் பதிவு செய்ய முடியும். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தார். மெத்தை விரிப்புகளோடு வளர்ந்தவளுக்கு அது பிடித்திருந்தது. எட்டுப் பாட்டு என்று முடிவானது. ஏழு, அக்காவும் நானும் மேடையில் பாடியவை, கறைப் பாட்டு உட்பட. எட்டாவது அந்த நோட்டுப் பாட்டு.

முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. நான் லேட். ஒவ்வொரு பாட்டிலும், முதல் சொல், மயிரிழை அளவு பிந்தி வந்தது. காதில் டிக் டிக்கென்று தாளம் ஓடுகிறது, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியவளுக்கே தெரிகிறது, இருந்தும் சொல் பிந்திக்கொண்டுதான் வருகிறது. இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி என்று மூன்று சனிக்கிழமைகள் போயின. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நான் ஹெட்போனை மாற்றச் சொன்னேன், விளக்கைக் குறைக்கச் சொன்னேன், டயர் நாற்றம் என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தார்.

ஒருநாள் வீட்டிலிருந்து அந்த வெள்ளைத் துணியைப் பையில் ஒளித்து எடுத்துப் போனேன். ஒரு முனையை மைக் ஸ்டாண்டில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து, நானே இரண்டு முறை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஸ்டாண்டு என் மேலேயே சாய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஓடி வந்து மைக்கைத்தான் முதலில் தூக்கினார். அப்புறம்தான் என்னை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க யாருக்கோ காத்துட்டு இருக்கீங்க. பஸ் வந்து நின்னப்புறமும் ஏறாம நிக்கிற ஆளு மாதிரி."

"கம்ப்யூட்டர்ல நகர்த்திட முடியாதா?"

"முடியும். பண்ணியும் பார்த்துட்டேன்." போட்டுக் காட்டினார். எல்லாம் சரியான இடத்தில் விழுந்தது. யாரோ ஒருத்தி என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பியபோது அக்கா சமையலறை மேசையில் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'ஓவர்டைம்ல வெந்நீர் எதுக்கு?'

சனிக்கிழமைகளில் நான் ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவதை அவள் கவனித்திருக்கிறாள். பாடுகிற நாளில் வெந்நீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கக்கூடாது என்று எனக்குப் பழக்கியவளே அவள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தாளைத் தூக்கினாள், எழுதினாள். 'எந்தெந்தப் பாட்டு?'

சொன்னேன். ஏழு பெயரையும் கேட்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். 'அதெல்லாம் நம்ம பாட்டு.'

"எழுதினது நான்க்கா."

'ஆரம்பிச்சது?'

அந்த ஒரு சொல்தான். கேள்விக்குறியை அழுத்திப் போட்டதில் தாளே நசுங்கியது. மூன்று வாரமாக நான் பட்ட அவமானம் முழுக்க அந்தச் சொல்லில் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் நெஞ்சு எரிந்தது.

"எல்லாத்துக்கும் நீதான் ஆரம்பம்னா நான் எதுக்குக்கா? முப்பது வருஷமா உன் பின்னாடியே நிக்கிறேன். இது ஒண்ணாவது என்னுதா இருந்துட்டுப் போகட்டும். கொஞ்ச நாள் பேசாம இரேன்."

எங்கள் வீட்டில் நாளைக்கு இருபது தடவை புழங்கிய வார்த்தை அது. நான் அவளிடம் சொல்வேன், அவள் என்னிடம் சொல்வாள், அம்மா இருந்த காலத்தில் எங்கள் இருவரிடமும் சொல்வாள். வாயை விட்டுப் போன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஸ்லேட்டின் தாளை மெதுவாகத் தூக்கினாள். எழுத்து அழிந்தது. பலகையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கழுத்துத் துணிக்குள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

நான் ஸ்டுடியோவுக்குப் போவதை நிறுத்தினேன். 'இன்னொருவாட்டி' இரண்டு முறை கூப்பிட்டார், உடம்பு சரியில்லை என்றேன். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நாள் பார்க்கிற மடச்சியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவளும் உப்பு, தண்ணி, கரண்ட் பில் என்று தேவைக்கு எழுதினாளே தவிர வேறு எதுவும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு.

ஏழாவது வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. நோய் திரும்பிவிட்டிருந்தது. இந்தத் தடவை நுரையீரலில். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாவது மாடியில் படுக்க வைத்தார்கள். கிடங்கிலிருந்து இருப்பதிலேயே நல்ல விரிப்பாகப் பார்த்து நானே எடுத்துப் போய், அவளை ஒருபக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்து மாற்றுவேன். ஒருநாள் அவள் விரலை நீட்டி மெத்தையின் கால்மாட்டு மூலையைக் காட்டினாள். மடிப்பு கோணல். சரி செய்தேன். மறுபடியும் காட்டினாள். மறுபடியும் செய்தேன். அந்த 'இன்னொருவாட்டி' மனுஷரே இதில் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அன்று சனிக்கிழமை. ஸ்லேட்டைக் கேட்டு வாங்கினாள். எழுத்து நெளிந்தது. 'ஓவர்டைம் இல்லையா?'

"இல்லக்கா. நிறுத்திட்டேன்."

வெகுநேரம் என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது ஒரு திட்டு, அல்லது ஒரு கிண்டல். ஸ்லேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. பக்கத்துக் கட்டிலுக்கு நர்ஸ் வந்தாள், கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், நான் கீழே கிடங்கில் துணி பிரித்துக்கொண்டிருந்தபோது மாமா படியிறங்கி வந்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்டைப் பழுது பார்த்தவர் லிஃப்டில் வராமல் மூன்று மாடியும் நடந்து இறங்கி வந்திருந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து, வந்த உறவுகள் எல்லாம் போன பிறகு, ஒருநாள் மாமா தன் போனை என் முன்னால் வைத்தார்.

"உங்க அக்கா உங்கிட்ட குடுக்கச் சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ வேலையில இருந்த நேரமா பார்த்து, கட்டில்ல உட்கார வைக்கச் சொன்னா. பெட்ஷீட்டோட ரெண்டு மூலைய என் கையில குடுத்து அந்தப் பக்கம் நிக்கச் சொன்னா. போன்ல ரெக்கார்டு பண்ணச் சொன்னா. பேசவே முடியாதவ என்னத்த ரெக்கார்டு பண்ணப் போறான்னு நினைச்சேன்."

போட்டார். முதலில் கட்டில் கிறீச்சிடும் சத்தம். தாளில் எழுதியிருந்ததை மாமா படிக்கும் குரல்: "கறையே கறையே." பிறகு அக்காவின் மூச்சு, கழுத்திலிருந்து, ஈரமாக. பிறகு:

பட். பட்.

மாமா அடுத்த பாட்டின் பெயரைப் படித்தார். கொஞ்சம் வேகமாக, பட் பட். அடுத்தது மிக மெதுவாக. பட். நீண்ட இடைவெளி. பட். ஏழு பாட்டு, ஏழு வேகம். நடுநடுவே அவள் இருமினாள், மாமா "போதும்மா, நாளைக்கு பார்த்துக்கலாம்" என்றார், அவள் விடவில்லை. ஒரு தாளைத் தூக்கவே தெம்பில்லாத கை அத்தனை பெரிய விரிப்பை அப்படி இழுத்திருக்கிறது.

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

"எட்டாவதுன்னு ஒண்ணு இருக்கு, அதையும் கேளு" என்றார் மாமா.

போனில் அவர் குரல்: "அடுத்தது பேர் எழுதல. நோட்டுல இருக்கிற புதுப் பாட்டுன்னு போட்டிருக்கே. இழுக்கிறியா?" அவள் மூச்சு. மறுபடியும் மூச்சு. மூன்றாவது மூச்சுக்குப் பிறகு துணி கட்டிலில் விழும் மெத்தென்ற சத்தம். அவ்வளவுதான்.

"என்ன மாமா ஆச்சு?"

"கைய விட்டுட்டா. என்னையும் விடச் சொல்லி சைகை காட்டினா."

"கோவமா இருந்தாளா?"

"உங்க அக்கா மூஞ்சியப் பார்த்து நான் என்னிக்குக் கண்டுபிடிச்சிருக்கேன்?" என்றார்.

அந்த நோட்டை அவள் எப்போது எடுத்துப் படித்தாள் என்று எனக்குத் தெரியாது. கையை விட்டது, 'இதை நீயே ஆரம்பி' என்பதற்கா? 'நான்தான் பேசாம இருக்கேனே, நீயே பாடிக்கோ' என்பதற்கா? இரண்டும் அவள் சொல்லக்கூடியவைதான். நான் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன், அந்தந்த நாளின் மனநிலைக்கு ஏற்ப. அவளிடம் சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்கவே இல்லை. இனி எடுக்கவும் முடியாது.

அடுத்த சனிக்கிழமை மாமாவின் போனோடு டயர் கடை மாடிக்குப் போனேன். 'இன்னொருவாட்டி' அந்தச் சத்தங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"வேகமெல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா எல்லாத்துலயும் ரெண்டாவது சத்தம் மட்டும் கொஞ்சம் முந்தி விழுது. சரி பண்ணிடட்டுமா?"

"தொடாதீங்க" என்றேன். "நான் லேட்டா வருவேன்னு தெரிஞ்சு முன்னாடியே இழுத்திருக்கா."

சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. லாண்டிரியில், மேடைகளில், முப்பத்து இரண்டு வருடமும் அவள் அப்படித்தான் இழுத்திருக்க வேண்டும். நான் பிந்துகிறவள் என்று எனக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

ஏழு பாட்டும் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்தன. காதில் அக்கா இழுத்தாள், நான் பாடினேன், சொல் அதன் இடத்தில் விழுந்தது. ஆல்பத்திலும் அந்தச் சத்தம் இருக்கட்டுமே, கேட்கிறவர்களுக்குப் புதுசாக இருக்கும் என்றார். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். எனக்கு மட்டும் கேட்டால் போதும்.

கடைசியாக எட்டாவது. "இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"இல்ல."

"டிக் டிக் போடட்டுமா?"

"வேணாம்."

மைக்குக்கு முன்னால் நின்றேன். ஹெட்போனில் என் மூச்சு மட்டும். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், என் இரண்டு கையும் இடுப்பு உயரத்தில் முன்னால் நீட்டியபடி, இல்லாத இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக அப்படி நின்றேனோ தெரியவில்லை. கையைக் கீழே விட்டேன்.

*அந்தப் பக்கம் யாரு பிடிக்க?*
*இந்தப் பக்கம் நான் நிக்கிறேன்.*

பாடி முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். 'இன்னொருவாட்டி' வழக்கமான வார்த்தைக்காக வாயைத் திறந்தார். அது வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். சரியான நேரத்தில் ஆரம்பித்தேனா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அங்கே இல்லையே.

வீட்டுக்கு வந்தேன். கடைசி நாளில் அக்கா படுத்திருந்த விரிப்பை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்து துவைத்திருந்தேன். கொடியில் காய்ந்து கிடந்தது. மாமா வேலைக்குப் போயிருந்தார். ஒரு ஓரத்தைத் தாடையில் கவ்விக்கொண்டு, கைகளை அகட்டி, தனியாக மடித்தேன். கோணலாகத்தான் வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தேன். அப்போதும் கோணல்தான். அப்படியே அலமாரியில் வைத்தேன்.